ஊதிப் பார்க்கிற டாக்டர்

மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவருக்குக் கிடைக்கிற மரியாதையில் பாதிதான் மாட்டு டாக்டருக்கு. எலிக்கு வைத்தியம் பார்க்கிறேன் என்று ஒருத்தி சொன்னால் அந்தப் பாதியும் போய், சிரிப்பு மட்டும் மிஞ்சும். "எலிக்கு மருந்தா? எங்க வீட்டுல எலியைக் கொல்லத்தானே மருந்து வாங்கறோம்!" என்று அவளிடம் சொல்லாத சொந்தக்காரர் கிடையாது. ஒவ்வொருவரும் அந்த வேடிக்கையைத் தாமே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டு சொல்வார்கள். அவளும் அப்போதுதான் முதன்முறையாகக் கேட்பதுபோலச் சிரித்துவைப்பாள்.

அவள் வேலை பார்த்தது ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் பிராணிக் கூடத்தில். புது மருந்தோ தடுப்பூசியோ, எதுவானாலும் முதல் ஊசி அங்கே இருக்கிற எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும்தான். அந்தப் பிராணிகளுக்கு ஏற்கெனவே ஏதாவது நோய் இருந்துவிட்டால் சோதனை குட்டிச்சுவர். செத்தது மருந்தாலா நோயாலா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே, பிறகு நோயை வாங்கிக்கொள்ளப் போகிற ஜீவன்களை அதுவரை நோயில்லாமல் காப்பது அவள் பொறுப்பு. இதில் இருக்கிற வேடிக்கையை அவள் ஆரம்ப காலத்தில் நிறைய யோசித்திருக்கிறாள். அப்புறம் விட்டுவிட்டாள். எல்லாவற்றையும் யோசித்துக்கொண்டிருந்தால் பிழைப்பு நடக்குமா?

காப்பையும் மீறி ஒன்று செத்தால் அதை அறுத்துக் காரணம் சொல்ல வேண்டியதும் அவள்தான். அதில் அவள் கெட்டிக்காரி. அவள் கத்தியை எடுத்தால் செத்த எலியே வாயைத் திறந்து சொல்லிவிடும் என்று கூட வேலை பார்த்த டாக்டர்கள் சொல்வார்கள்.

உயிரோடு இருக்கிறதைச் சோதிக்கிறபோது அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிராணியை இடது உள்ளங்கையில் உட்காரவைத்துக்கொள்வாள். முகத்துணியைத் தாடைக்கு இழுத்துவிட்டு, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதுவாள். மயிர் இரண்டாகப் பிரிந்து அடியில் இருக்கிற தோல் தெரியும். பேன் கடி, சொறி, காயம், வெளிறிய நிறம் எதுவும் தப்பாது. சின்னப் பிராணிகளோடு புழங்குகிற பலபேர் செய்கிற காரியம்தான். கையுறை போட்ட விரலால் அந்த மெல்லிய மயிரை அவ்வளவு சுத்தமாகப் பிரிக்க வராது. முகத்துணியை இறக்கக் கூடாது என்று சுவரில் எழுதித்தான் இருந்தது. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டேதான் அவள் ஊதுவாள். காதுக்குப் பின்னால், கழுத்தில், முதுகு நெடுக, கடைசியில் முகத்தில். அவள் இல்லாத இடத்தில் அவளுக்கு 'ஊதம்மா' என்று பெயர்.

அவளுக்கு ஓயாத இருமலும் உண்டு. நீளமாக ஒன்று, உடனே குட்டையாக ஒன்று. அந்தக் கூடத்தில் இருமாதவர்கள் குறைவு. மயிரும், கூண்டில் பரப்புகிற மரத்தூளும், மூத்திர நெடியும் சேர்ந்து எல்லோருக்கும் மூக்கு ஒழுகும், தொண்டை கரகரக்கும். தூசி இருமல் என்று பெயர் வைத்து அதை ஒரு பதவி மாதிரி வைத்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக வேலைக்கு வந்தவன் இருமத் தொடங்கினால் "இப்பதான் நம்ம ஆளு ஆனே" என்பார்கள்.

வீட்டில் அவளுக்கு ஒரே துணை தம்பி. அம்மா அப்பா போன பிறகு இருவரும் ஒரு மாடி வீட்டில் இருந்தார்கள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவன் செய்துகொண்டு, அது ஒத்துவராமல் திரும்பி வந்தவன். வாசல் அறையில் உட்கார்ந்து தையல் மிஷின் பழுது பார்ப்பான். அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனபோது அவள் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். யாராவது அதைப் பெரிதாகப் பேசினால் அவளுக்குக் கோபம் வரும். "ரெண்டு குடை இருக்கு, மழை பெய்யுது, ஒண்ணைக் கொடுத்தேன். இதுக்கு என்ன மாலையா போடணும்?" என்பாள்.

கொடுத்த சிறுநீரகத்தை அவன் உடம்பு வேற்று ஆளாக நினைத்து விரட்டிவிடக் கூடாது என்று தினமும் மாத்திரை. அந்த மாத்திரை சிறுநீரகத்தைக் காப்பாற்றும், ஆனால் உடம்பின் காவல்காரனையும் தூங்கவைத்துவிடும். சாதாரணச் சளிகூட அவனுக்கு ஆபத்து. அதனால் அவள் கூடத்தை விட்டுக் கிளம்பும்போது ஒரு குளியல், வீட்டுக்கு வந்ததும் ஒரு குளியல். செருப்பு கீழ்ப்படியிலேயே நிற்கும். வேலைக்குப் போட்ட துணி வீட்டு வாசலைத் தாண்டாது. "இப்படியே போனா ஒரு நாள் சோப்போட சேந்து நீயும் கரைஞ்சுடுவேக்கா" என்பான் அவன்.

படிக்கிற காலத்தில் பார்த்த கினிப்பன்றிகளை, வாலில்லாத பெரிய எலி மாதிரி இருக்கிற அந்தப் பிராணிகளைப் பற்றி அவனுக்குச் சொன்னவளும் அவள்தான். அவற்றுக்குத் தீனி கொண்டுவருகிறவரின் காலடி தெரியும். நடைக் கோடியில் அந்தச் சத்தம் கேட்டதுமே அறை முழுக்க 'வீக் வீக்' என்று விசில் கிளம்பும். இதைக் கேட்ட நாளிலிருந்து, அக்காவின் காலடி மாடிப்படியில் விழுந்தால் போதும், தம்பி கதவுக்கு உள்ளேயிருந்து 'வீக் வீக்' என்று விசிலடிப்பான். நாற்பதைத் தாண்டின ஆம்பிளை! "வெக்கமா இல்லையாடா?" என்று படியிலிருந்தே கேட்பாள். நாள் முழுக்க அறுத்துவிட்டு வருகிறவளுக்கு அந்த விசில்தான் வீட்டுக் கதவு.

மிஷினுக்குள் இருக்கிற பஞ்சுத் தூசி அடிக்கடி அவன் கண்ணில் விழும். "அக்கா, கண்ணுல ஊது" என்று முகத்தை நீட்டுவான். இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு ஊதுவாள். சின்ன வயதிலிருந்து அப்படித்தான்.

ஒரு வருஷம் புதுத் தடுப்பூசி ஒன்றுக்காகக் கூடத்துக்குக் கினிப்பன்றிகள் வந்தன. அதற்கு முன் வெகுகாலமாக அங்கே எலிகளும் சுண்டெலிகளும்தான். இடம் போதாமல், வெகுகாலம் பூட்டிக் கிடந்த கோடி அறையைத் திறந்து வெள்ளையடித்தார்கள். அது ஒரு காலத்தில் முயல் அறை. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே இருந்த முயல்களுக்கெல்லாம் மூக்குச் சளி பிடித்தது. சாகவில்லை, ஆனால் ஓயாமல் தும்மின. ஆராய்ச்சிக்கு உதவாது என்று முடிவானது. ஊசி போட்டு எல்லாவற்றையும் முடித்தவள் அவள். முயல் சாகும்போது சத்தம் போடாது. ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைப்பதும், அது அவள் முகத்துக்கு நேரே தும்முவதும், அப்புறம் கனத்துப்போவதுமாக ஒரு பகல் முழுக்க ஓடியது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகாமலே காலத்தை ஓட்டிவிட்டாள்.

இப்போது போக வேண்டியிருந்தது. மூடி போட்ட கண்ணாடி போன்ற பெட்டிகள் அலமாரி அலமாரியாக இருந்தன. மூடியில் காற்று மட்டும் போகிற சல்லடைத் துணி. வந்த புதிதில் கினிப்பன்றிகள் அவளுக்கும் விசிலடித்தன. கொஞ்ச நாள் போனதும் நிறுத்திவிட்டன.

நிறுத்தின விதம்தான் சரியில்லை. கதவுக்கு வெளியே நிற்கும்போது உள்ளே சலசலப்பு கேட்கும். கொறிக்கிற சத்தம், குட்டிகளின் கீச்சு, எல்லாம் கேட்கும். அவள் கை கதவைத் தொட்டதும் விளக்கை அணைத்தாற்போல அத்தனையும் நின்றுவிடும். உள்ளே போனால் அத்தனையும் பெட்டியின் பின்சுவரோடு ஒட்டி, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும். ஒன்றுகூடத் திரும்பாது. முதுகு மயிர் மட்டும் மூச்சில் ஏறி இறங்கும்.

"என்னமோ ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்த மாதிரி இருக்கு" என்று அவள் வேடிக்கையாகச் சொன்னாள். தீனி போடுகிறவர் சிரிக்கவில்லை. அவர் அவளைவிட வயதில் மூத்தவர், முயல் காலத்து ஆள்.

அப்புறம் சாவு தொடங்கியது. காலையில் ஒன்று மூலையில் பந்தாகச் சுருண்டிருக்கும். மூக்கு ஈரமாக இருக்கும், விலா அடித்துக்கொள்ளும். அடுத்த நாள் விறைத்துக் கிடக்கும். அறுத்தால் நுரையீரல் ஈரல்போலக் கறுத்துக் கெட்டியாக இருக்கும், மூச்சுக் குழாயில் சீழ். கிருமியைக் கண்டுபிடிக்க அவளுக்குக் கஷ்டமே இல்லை. வளர்ப்புத் தட்டில் பனித்துளி போலச் சின்னச் சின்னதாக முளைத்தது. அவளுக்குப் பழைய பரிச்சயம். முயலின் மூக்கில் சொகுசாகக் குடியிருந்து, முயலை ஒன்றும் செய்யாமல், பக்கத்தில் கினிப்பன்றி இருந்தால் அதைக் கொன்றுவிடுகிற கிருமி. அதனால்தான் இந்தத் தொழிலில் முயலையும் கினிப்பன்றியையும் ஓரறையில் வைக்க மாட்டார்கள்.

ஆனால் கட்டடத்தில் முயலே இல்லை. அந்த அறையில் கடைசி முயல் செத்து ஒரு தலைமுறை ஆகிறது.

"சொன்னா திட்டுவீங்க டாக்டரம்மா" என்றார் தீனி போடுகிறவர். "இந்த ரூம் வேண்டாம்னு அப்பவே எனக்குத் தோணிச்சு. அதுங்க போகலை. இங்கதான் சுத்துதுங்க."

"எதுங்க?"

"முயலுங்க."

"பேய் அடிச்சா நுரையீரல்ல சீழ் பிடிக்காதுய்யா. போய் தண்ணிக் குழாயைக் கழட்டுங்க" என்றாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று முணுமுணுத்துக்கொண்டாள். ஆனாலும் அன்று அறையை விட்டு வரும்போது திரும்பிப் பார்க்காமல் வர அவளால் முடியவில்லை.

குழாய், தீனி மூட்டை, மரத்தூள், சுவரின் விரிசல், கதவுக் கைப்பிடி எல்லாவற்றையும் பஞ்சுக் குச்சியால் துடைத்து வளர்த்துப் பார்த்தாள். அறைக்குள் போகிறவர்கள் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து மூக்குக்குள் குச்சியை விட்டாள். "வீட்டுல முயல் வளக்கறீங்களா? நாய் இருக்கா?" என்று போலீஸ்காரி மாதிரி குடைந்தாள். ஒன்றும் முளைக்கவில்லை. தினமும் மேல் தட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, முகத்துணியை இறக்கி, ஊதி ஊதிப் பார்த்தாள். இது நன்றாக இருக்கிறது என்று அவள் முடிவு செய்து வைத்ததுதான் அடுத்த வாரம் செத்தது.

இதற்கு நடுவில் தம்பிக்கு மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தார்கள். அவனுக்கு லேசாக ஜலதோஷம் பிடித்தது. அப்புறம் இருமல். பஞ்சுத் தூசி என்றான். அவளும் ஒத்துக்கொண்டாள். தூசி இருமலைப் பற்றி அவளுக்குத் தெரியாததா?

நிலையத்தின் இயக்குநர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இந்த வாரத்துக்குள் காரணம் தெரியாவிட்டால் அறையில் இருக்கிற அத்தனையையும் முடித்துவிட வேண்டும், தடுப்பூசிச் சோதனையும் நின்றுவிடும். ஊசி போடப்போவது யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. இன்னொரு பகல் முழுக்க அதே அறையில், ஒவ்வொன்றாக மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார வேண்டும்.

மறுநாள் அறையில் தனியாக நின்று யோசித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. கீழ்த் தட்டில் இதுவரை ஒன்றுகூடச் சாகவில்லை. சாவெல்லாம் இடுப்புக்கு மேலேயுள்ள தட்டுகளில். காற்று மேலிருந்து வருகிறதோ, குளிரோ, என்னவோ என்று கூரையைப் பார்த்தாள். கீழ்த் தட்டை அவள் சோதித்ததே இல்லை. முழங்கால் வலி. குனிந்தால் எழுந்திருக்க முடியாது. மேலே நன்றாக இருந்தால் கீழேயும் நன்றாகத்தான் இருக்கும் என்று விட்டிருந்தாள்.

அன்று அலமாரியைப் பிடித்துக்கொண்டு, அம்மா அப்பா எல்லோரையும் கூப்பிட்டு, ஒரு வழியாகத் தரையில் உட்கார்ந்தாள்.

கீழ்த் தட்டில் இருந்தவை முன்னால் ஓடிவந்தன. பெட்டியின் சுவரில் மூக்கை ஒட்டிக்கொண்டு, 'வீக் வீக்' என்று அத்தனையும் விசிலடித்தன. எத்தனை நாளுக்குப் பிறகு! அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. கண்கூடக் கலங்கியது. "வாடி என் ராஜாத்தி" என்று ஒன்றை எடுத்து மடியில் வைத்தாள். முகத்துணியைத் தாடைக்கு இறக்கினாள். உதட்டைக் குவித்தாள்.

மேல் தட்டுகளில் சத்தமே இல்லை. அண்ணாந்து பார்த்தாள். எப்போதும் முதுகைக் காட்டுகிறவை அன்று ஒவ்வொரு பெட்டியிலும் திரும்பி உட்கார்ந்திருந்தன. அத்தனை கண்களும் கீழே, அவள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

இருமல் வந்தது. நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பின இடத்தில் பெட்டியின் சுவரில் அவள் முகம் தெரிந்தது. முகத்துணி இல்லாமல், உதடு குவிந்தபடி.

மேலே இருப்பவை அவள் ஊதினவை. கீழே இருப்பவை அவள் ஊதாதவை. இவ்வளவுதான் வித்தியாசம். அவள் இருமல் எப்போது தொடங்கியது? இதே அறையில். மடியில் இருந்த முயல் முகத்துக்கு நேரே தும்மின அந்த வருஷத்தில். அந்த முயல்கள் போகவில்லைதான். ஆனால் அறையில் சுற்றவில்லை. அவளுக்குள்ளே குடியிருந்துகொண்டு தினமும் அவளோடு கையெழுத்துப் போட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்தன. எலிகள் அதைத் தாங்கிக்கொண்டன. இவற்றால் முடியவில்லை.

ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். எல்லோர் மூக்கிலும் குச்சியை விட்டவள் தன் மூக்கை விட்டுவிட்டாள். மறந்துகூடப் போகவில்லை. அது அவளுக்குத் தோன்றவே இல்லை.

மடியில் இருந்ததை ஊதாமல் பெட்டிக்குள் விட்டாள். முகத்துணியை ஏற்றி, அதன்மேல் இன்னொன்றைக் கட்டினாள். அப்போது அவள் நினைத்தது கினிப்பன்றிகளை இல்லை. போன வாரம்தான் தம்பி முகத்தை நீட்டினான், "அக்கா, கண்ணுல ஊது" என்று.

தன் மூக்கிலிருந்து எடுத்ததை வளர்ப்புத் தட்டில் தேய்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தாள். வேலை அதிகம், நிலையத்திலேயே தங்கப்போகிறேன் என்றாள்.

"எலிக்குப் பிரசவமா?" என்றான் அவன். சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது. நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று. அவள் இருமலே அவன் தொண்டையிலிருந்து வந்தது.

"டேய், இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு" என்றாள். "நான் வர மாட்டேன். ஏன்னு கேக்காதே. கிளம்பு."

தட்டில் பனித்துளிகள் முளைக்க அவள் காத்திருக்கவில்லை. அதற்கு முன்பே ஆஸ்பத்திரி டாக்டரிடம் போனில் கிருமியின் பெயரைச் சொன்னாள். அவர் பொறுமையானவர். "அம்மா, அது பிராணிகளுக்கு வர்றது. நாங்க மனுஷங்களைப் பாக்கறவங்க" என்றார். தேடிப் பாருங்கள் என்று கெஞ்சினாள். மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். இப்போது குரலில் அந்தப் பொறுமை இல்லை, அவசரம்தான் இருந்தது. அவள் சொன்ன கிருமியேதான், தம்பியின் நுரையீரலில் பாதியை அடைத்திருந்தது. காப்பாற்ற வேண்டுமானால் காவல்காரனைத் தூங்கவைக்கிற மாத்திரையைக் குறைக்க வேண்டும். குறைத்தால் அவள் கொடுத்த சிறுநீரகம் போனாலும் போகலாம்.

அந்த நாட்களில் அவள் ஆஸ்பத்திரிக்குப் போய், கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருவாள். கொடுத்ததையே பறித்துக்கொள்ள வந்தவளாகத் தன்னை நினைத்தாள். அழுகைகூட வரவில்லை, இருமல்தான் வந்தது. அது வரும்போதெல்லாம் நடைக் கோடிக்கு ஓடிப்போய்ச் சுவரைப் பார்த்து இருமினாள்.

தம்பி பிழைத்துக்கொண்டான். சிறுநீரகமும் தங்கியது. அவள் தட்டிலும் அதே பனித்துளிகள் முளைத்திருந்ததால் அவளுக்கும் மருந்து கொடுத்தார்கள். வெகுநாள் சாப்பிட்டாள். வருஷக்கணக்கான இருமல் நின்றுபோனது. நின்றபோது, வீட்டில் கூடவே இருந்த ஓர் ஆள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது போலிருந்தது. மூக்கிலிருந்து திரும்பத் திரும்ப எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். தட்டு சுத்தமாக இருந்தது.

கோடி அறையின் கினிப்பன்றிகளை வேறு ஆள் முடித்துவிட்டார், கீழ்த் தட்டையும் சேர்த்துத்தான். புதிதாக வேறு ஊரிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. வேலைக்குத் திரும்பிய அன்று அவள் இரண்டு முகத்துணியோடு நடையில் வந்தாள். உள்ளே சலசலப்பு கேட்டது. அவளை ஒருநாளும் பார்த்திராத, அவள் மூச்சே படாத பிராணிகள். கதவில் கை வைத்தாள். உள்ளே சத்தம் நின்றது.

தீனி போடுகிறவர் அவளைப் பார்த்தார். அவள் கதவைத் திறக்காமல் திரும்பிவிட்டாள். புதுசுதானே, எல்லாருக்கும் பயப்படும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம்தான் அவள் வீட்டுக்குத் திரும்புகிற நாள். அத்தனை காலமும் வேலையிடத்து விருந்தினர் அறையிலேயே இருந்துவிட்டாள். தம்பிதான் போனில் சண்டை போட்டுக் கூப்பிட்டான். "டாக்டரே சரின்னு சொல்லிட்டாரு. நீ என்ன பெரிய இவளா? வாக்கா, வீடு வீடாவே இல்ல." அவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது.

கீழ்ப்படியில் செருப்பைக் கழற்றினாள். மேலே வாசல் அறையில் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. கூடவே அவன் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தான். படியில் கால் வைத்தாள். வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

மிஷின் நின்றது. பாட்டும் நின்றது.

அடுத்த படி ஏறினாள். அதற்கடுத்தது. விசில் வரவில்லை. கதவுக்கு முன்னால் போய் நின்றாள். உள்ளே அவன் மூச்சு விடுகிற சத்தம் மட்டும், கதவுக்கு வெகு அருகில் இல்லாமல், அறையின் அந்தக் கோடியிலிருந்து கேட்டது.

"தம்பி" என்றாள்.

"வாக்கா. திறந்துதான் இருக்கு."

திறந்தாள். அவன் மிஷினை விட்டு எழுந்து, பின்சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தான். சுவரில் முதுகு படுவதை அப்போதுதான் கவனித்தவன்போலச் சட்டென்று விலகி, சிரிக்கப் பார்த்தான். அவன் கண் நிறைந்திருந்தது.

"ஏண்டா விசிலடிக்கல?" என்று கேட்டாள்.

"அடிக்கணும்னுதான்க்கா உக்காந்திருந்தேன்" என்றான் அவன். "சத்தியமா. உன் காலடி கேட்டுச்சு. வாய் வரல."